பூன்வில்: மேயர் இல்லாத ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் மெண்டசீனோ கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் பூன்வில் என்று ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களையும் நண்பர்களையும் பலமுறை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். காரில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த மலைவளைவுகளில் ஸ்டீயரிங்கையும் பிடித்துக்கொண்டு பதிலும் சொல்வது கஷ்டம். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

எவ்வளவு தூரம்? எப்படிப் போவது?

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 115 மைல். 101ஆம் நெடுஞ்சாலையில் கிளவர்டேல் வரை போய், அங்கே 128ஆம் சாலையில் திரும்ப வேண்டும். அதுவரை எல்லாம் சுகம். திரும்பிய பிறகு மலை, வளைவு, மறுபடி வளைவு. வரைபடத்தில் 30 மைலுக்கும் குறைவாகத்தான் தெரியும், ஆனால் முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். ஒருமுறை பின்சீட்டில் இருந்த பையன் "இன்னும் எத்தனை வளைவு?" என்று கேட்டான். நான் எண்ணிச் சொல்வதற்குள் வாந்தி எடுத்துவிட்டான்.

ஊர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

நல்ல கேள்வி. சட்டப்படி பார்த்தால் அப்படி ஒரு எல்லையே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் தங்கள் வசதிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்குள் சுமார் 1,000 பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கோடு எண்ணுவதற்கு மட்டும்தான். வரி போடவோ விதி போடவோ அதற்கு அதிகாரம் இல்லை.

முதல்முறை போனபோது நான் ஊரைத் தாண்டியே போய்விட்டேன். சாலையின் இரண்டு பக்கமும் ஒரு ஹோட்டல், பொருட்காட்சி மைதானத்தின் வேலி, சில கடைகள், ஒரு பெட்ரோல் பங்க் வந்தன. "சரி, இனிமேல் ஊர் வரும்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திராட்சைத் தோட்டங்கள் வந்துவிட்டன. ஃபோனில் சிக்னலும் போய்விட்டது. வழியில் ஒரு கடையில் நிறுத்திக் கேட்டபோது, கல்லாவில் இருந்த அம்மா வந்த வழியைக் கையால் காட்டினார்.

'அன்இன்கார்ப்பரேட்டட்' ஊர் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

நகரமாகப் பதிவு செய்துகொள்ளாத ஊர். மேயர் இல்லை, கவுன்சில் இல்லை, நகராட்சி அலுவலகம் இல்லை, சொந்தப் போலீஸ் இல்லை. நம்மூரில் எவ்வளவு சின்னக் குக்கிராமமானாலும் ஏதோ ஒரு ஊராட்சியில் அடங்கிவிடும், அதற்கு ஒரு தலைவர் இருப்பார். இங்கே அந்த அடுக்கே இல்லை. மாநிலத்துக்குக் கீழே கவுன்டி, கவுன்டிக்குக் கீழே நேராக உங்கள் வீட்டு வாசல்.

இதை ஏதோ விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மெண்டசீனோ கவுன்டியில் பதிவான நகரங்கள் நான்கே நான்கு: யுகாயா, ஃபோர்ட் பிராக், வில்லிட்ஸ், பாயின்ட் அரீனா. கடைசியாகச் சொன்னதில் 500 பேர்கூட இல்லை, இருந்தும் அது சட்டப்படி நகரம். அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும் பூன்வில் நகரம் இல்லை. கவுன்டியின் சுமார் 91,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இப்படிப் பதிவாகாத இடங்களில்தான் வசிக்கிறார்கள்.

அப்போது தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

'ஆண்டர்சன் வேலி கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அவர்களிடம். பள்ளத்தாக்கு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் அதை நடத்துகிறார்கள். மாநிலச் சட்டம் இந்த மாதிரி அமைப்புக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுப்பதில்லை. எந்தெந்த வேலையை எடுத்துக்கொண்டதோ அவ்வளவுதான்: தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சின்ன விமானத் தளம், தெருவிளக்கு, விளையாட்டு பொழுதுபோக்கு. தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலானவர்கள் தன்னார்வலர்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் இடுப்பில் இருக்கும் கருவி கத்தினால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வண்டியேற வேண்டும்.

மற்றதெல்லாம் வேறு வேறு கதவு. திருட்டு, அடிதடி என்றால் கவுன்டி ஷெரிஃப். வீடு கட்ட அனுமதிக்கு மலை தாண்டி யுகாயா போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு பள்ளி வாரியம். காட்டுத்தீ என்றால் மாநிலத் தீயணைப்புத் துறையான 'கால் ஃபயர்'.

இதில் எனக்குப் பிடித்தது சாலை விவகாரம். ஊரின் கடைவீதி என்று சொல்லத்தக்க ஒரே தெரு, அந்த 128தான். அது மாநில நெடுஞ்சாலை. பிள்ளைகள் கடக்க வெள்ளைக்கோடு வேண்டும், வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும் என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையான கால்ட்ரான்ஸிடம் மனுப்போட வேண்டும். சொந்த வாசல் தெருவில் கோடு போட வெளியூர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

கவுன்டியில் இவர்களுக்குக் குரல் உண்டா?

உண்டு, ஐந்தில் ஒன்று. கவுன்டியை ஐந்து மேற்பார்வையாளர்கள் ஆள்கிறார்கள். பள்ளத்தாக்கு ஐந்தாவது தொகுதியில் வருகிறது. கடலோரத்தின் ஒரு பகுதியும் அதே தொகுதிதான். ஆக, அந்த ஒரு குரலிலும் பூன்வில்லுக்கு ஒரு கீற்றுதான்.

குடிதண்ணீர்?

இங்கேதான் நகராட்சி இல்லாததன் வலி தெரியும். ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் இல்லை, பொதுச் சாக்கடையும் இல்லை. அவரவர் கிணறு, அவரவர் செப்டிக் டேங்க். பெரிய பண்ணைகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஊர் நடுவில் சின்னச் சின்ன மனைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் ஒருவர் வீட்டு டேங்கும் அடுத்தவர் கிணறும் எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோதித்த கிணறுகளில் சிலவற்றில் மாசு இருந்தது தெரிந்து, மேலே சொன்ன அமைப்பு மாநில அரசின் உதவியோடு பொதுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பல வருடங்களாக முயன்றுவருகிறது. செலவைப் பற்றி முணுமுணுப்பு இருக்கிறது. "குழாய் வந்தால் பின்னாலேயே வீட்டுமனை வியாபாரிகளும் வருவார்கள்" என்ற பயமும் இருக்கிறது. அதை வெறும் பயம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பேசாமல் நகரமாக்கிக்கொண்டால் என்ன?

கலிஃபோர்னியாவில் அதற்குக் குறைந்தது 500 பதிவு பெற்ற வாக்காளர்கள் வேண்டும், அவர்களில் கால்வாசிப் பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஓர் ஆணையம் வரவுசெலவைப் பார்த்து, இந்த ஊர் சொந்தக் காலில் நிற்குமா என்று கேட்கும். சிக்கல் அங்கேதான். நகரம் ஆனால் போலீசுக்கும் சாலைக்கும் தானே பணம் தேட வேண்டும். கவுன்டியிலிருந்து பிரிவதால் கவுன்டிக்கு நஷ்டம் வந்தால் அதையும் ஈடுகட்ட வேண்டும். நாலு கடை, ஒரு ஹோட்டலில் வரும் விற்பனை வரியை வைத்து அதெல்லாம் நடக்காது.

தவிர, இங்கே வந்து குடியேறியவர்களில் பாதிப்பேர் விதிகளிலிருந்து தப்பித்து வந்தவர்கள். அவர்களிடம் போய் "நமக்கு நாமே விதி போட்டுக்கொள்ளலாம், வாருங்கள்" என்றால் யார் வருவார்கள்?

'பூன்வில்' என்ற பெயர் எப்படி வந்தது?

1862இல் ஒருவர் ஹோட்டல் கட்டினார், 1864இல் அலான்சோ கெண்டல் என்பவர் இன்னொன்று கட்டினார். ஊர் 'கெண்டல்ஸ் சிட்டி' ஆனது. பிறகு டபிள்யூ. டபிள்யூ. பூன் என்பவர் இங்கே இருந்த ஒரு கடையை வாங்கினார், ஊர் பூன்வில் ஆகிவிட்டது. ஒரு கடை கைமாறினால் ஊர்ப் பெயர் மாறுகிற காலம் அது.

அங்கே தனி மொழியே இருக்கிறதாமே?

இருக்கிறது. அதற்குத்தான் நான் முதலில் போனதே. அதன் பெயர் பூன்ட்லிங். பூன்வில்லை அவர்கள் 'பூன்ட்' என்பார்கள், அதன் பேச்சு பூன்ட்லிங். தனி மொழி என்று சொல்வது கொஞ்சம் மிகை. இலக்கணம் ஆங்கிலம்தான், சொற்கள்தான் வேறு. அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களும் தொடர்களும் சேர்ந்திருக்கின்றன.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது மிக எளிது, ஏனென்றால் நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு கூட்டம், வெளியாளுக்குப் புரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட பெயர்கள். பூன்வில்லில் நடந்தது என்னவென்றால், ஒரு தொழில்கூட்டம் செய்வதை முழுப் பள்ளத்தாக்கே செய்தது.

எப்படித் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை. பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்பார்கள். பியரில் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பறிக்கும் வயல்களில் பெண்கள் ஒரு பெண்ணைப் பற்றி வம்பு பேசத் தொடங்கியது என்பார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஆண்கள் ஆரம்பித்தது என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். 1880களில் கிளம்பி, முதல் உலகப்போர் காலம்வரை செழிப்பாக இருந்தது. போருக்கு இளைஞர்கள் போனார்கள், பிறகு நல்ல சாலை வந்தது, அப்புறம் என்ன, தேய்ந்தது.

சில சொற்கள் சொல்லுங்களேன்.

ஒரு குவளை காபிக்கு 'ஹார்ன் ஆஃப் ஜீஸ்'. ஹார்ன் என்றால் குடிக்கும் கோப்பை. ஜீஸ்? ஒரு சமையற்காரர் இருந்தார், வேட்டை முகாம்களில் காபி போடுவார். அவர் முதலெழுத்துகள் ஜீ.சி. அவர் போட்ட காபி அவ்வளவு கெட்டியாக இருக்குமாம், பள்ளத்தாக்கில் இருந்த எல்லாக் காபிக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது.

பொதுத் தொலைபேசிக்குப் 'பக்கி வால்ட்டர்'. பக்கி என்றால் ஐந்து சென்ட் நாணயம். வால்ட்டர் என்பவர் பள்ளத்தாக்கில் முதலில் தொலைபேசி வைத்திருந்தவர். இந்தப் பெயரை எழுதிய தொலைபேசிக் கூண்டு ஒன்று ஊரில் இருந்தது. பெரிய தீ மூட்டினால் 'ஜெஃபர்', ஜெஃப் என்றொருவர் எப்போதும் அடுப்பில் விறகை அள்ளிப் போடுவாராம். டாக்டருக்கு 'ஷவல்டூத்', அதாவது மண்வெட்டிப்பல். ஊர் டாக்டர் ஒருவருக்கு முன்பல் துருத்தியிருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒயினுக்கு 'ஃப்ராட்டி', அந்தப் பெயருடைய ஒரு தோட்டக்காரரை வைத்து. பேசுவது 'ஹார்ப்', நல்லது 'பால்'. நகரத்திலிருந்து வருகிற நாம் 'பிரைட்லைட்டர்', வெளிச்சக்காரர்கள்.

கவனித்தீர்களா, பாதிச் சொற்கள் ஆள் பெயர்கள். நம் ஊர்களில் பட்டப்பெயர் வைப்பார்கள் அல்லவா, 'ஒல்லி', 'கட்டை', 'மிலிட்டரி' என்று? அங்கே பட்டப்பெயர் தலைகீழாகப் போயிருக்கிறது. ஆளின் பெயரை எடுத்து அவர் செய்த காரியத்துக்கு வைத்துவிட்டார்கள். அந்த ஆளைத் தெரியாமல் அந்தச் சொல் புரியாது. ஆகவே அந்த மொழி தெரிந்தவர் என்றால் ஊர்க்காரர் என்று அர்த்தம். கவுன்டி வரைபடம் போடாத எல்லையை இதுதான் போட்டது.

கெட்ட வார்த்தைகளுக்கு மாற்றாகவும் ஏராளமான சொற்கள் உண்டு, நாம் இடக்கரடக்கல் என்பது மாதிரி. 'நான்ச் ஹார்ப்பிங்ஸ்' என்று அதற்கொரு தனி வகையே வைத்திருந்தார்கள். அவற்றின் கதைகளை நேரில் கேளுங்கள், நான் எழுத மாட்டேன்.

ஒரு சொல் மட்டும் எனக்கு உறுத்தும். ஒருவரைக் கூச்சப்பட வைப்பதற்குச் 'சார்லி பால்' என்பார்கள். சார்லி பால் என்பவர் ரொம்பக் கூச்ச சுபாவமுள்ளவர், போமோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளத்தாக்கின் மூத்த குடிகளில் ஒருவர் அந்த ஊர்ப் பேச்சில் மிஞ்சியது அவருடைய கூச்சமாகத்தான்.

அந்த மூத்த குடிகள் யார்?

போமோ மக்கள். கூடை முடைவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். வால்ட்டர் ஆண்டர்சன் என்ற குடியேறி 1851இல் குடும்பத்தோடு வந்தபோது பள்ளத்தாக்கு காலியாக இருக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் இந்தக் கவுன்டியின் பழங்குடிகள் பலரை ராணுவமும் குடியேறிகளும் சேர்ந்து, பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய 'ரிசர்வேஷன்' நிலங்களுக்கு ஓட்டினார்கள். நோயும் கொலையும் மீதியைச் செய்தன. 'ஆண்டர்சன் பள்ளத்தாக்கு' என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பூன்ட்லிங் இன்றும் பேசுகிறார்களா?

சரளமாகப் பேசியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். சொற்கள் பெயர்ப்பலகைகளிலும் பியர் பாட்டில்களிலும் இருக்கின்றன. 1987இல் தொடங்கிய ஆண்டர்சன் வேலி பியர் ஆலை 'பூன்ட் ஆம்பர்' என்று பியருக்குப் பெயர் வைத்தது. அவர்களுடைய சின்னம், கொம்பு முளைத்த கரடி. ஆங்கிலத்தில் கரடி 'பேர்', மான் 'டீர்', இரண்டையும் சேர்த்தால் 'பீர்', அதாவது பியர். சொல்லித் தந்த பிறகு சிரிப்பு வரும்.

ஊர்க்காரர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?

முதலில் ஆடு, ஹாப்ஸ், ஆப்பிள். ரெட்வுட் மரம் அறுப்பதும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மர அறுவை மில்கள் பெருகி, ஓக்லஹோமா, ஆர்கன்சா பக்கத்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். மரம் தீர்ந்தது, மில்கள் மூடின. 1970களில் நகரத்தை வெறுத்து நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் வந்தார்கள், கூடவே கஞ்சாச் செடியும் வந்தது. அதை மாநிலம் 2016இல் சட்டபூர்வமாக்கிய பிறகு விலை விழுந்து, சின்ன விவசாயிகள்தான் அடிபட்டார்கள்.

இப்போது திராட்சை. மாலையானால் கடல் மூடுபனி ஆற்றின் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும். பகலில் வெயில், இரவில் குளிர். பினோ நுவார் திராட்சைக்கு அதுதான் வேண்டும். பிரான்சின் லூயி ரோடரர் ஷாம்பெய்ன் நிறுவனமே 1980களில் வந்து இங்கே தோட்டம் போட்டது. 1983இல் ஆண்டர்சன் வேலிக்குத் தனி ஒயின் வட்டாரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

அந்தத் திராட்சையைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். தோட்டத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருப்பார்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பான்மை அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஆக இந்த ஊரில் இப்போது உயிரோடு இருக்கிற இரண்டாவது மொழி ஸ்பானிஷ். சுற்றுலாக்காரர்கள் 'ஹார்ன் ஆஃப் ஜீஸ்' என்று சொல்லிப் பார்த்துச் சிரிக்கும்போது, கடையில் பக்கத்து வரிசையில் ஸ்பானிஷில் நிஜமான வம்பு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறு எங்கே? தெரியவே இல்லையே?

ஆற்றின் பெயர் நவாரோ. அது பூன்வில்லுக்குள் ஓடவில்லை. பூன்வில் பக்கம் ஓடுவது ஆண்டர்சன் ஓடை. அதுவும் ரான்ச்செரியா, இந்தியன் ஓடைகளும் ஃபைலோ என்ற அடுத்த ஊருக்குப் பக்கத்தில் கூடித்தான் நவாரோ பிறக்கிறது. அங்கிருந்து சுமார் 28 மைல் ஓடிப் பசிபிக்கில் விழுகிறது.

கோடையில் பார்த்தால் "இதையா ஆறு என்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். கூழாங்கல்லுக்கு நடுவே கணுக்கால் தண்ணீர். கோஹோ சால்மன் மீனுக்கு அந்தத் தண்ணீர் போதாது, சூடும் அதிகம், அதனால் மீன் குறைந்துபோனது. தோட்டங்கள் எடுக்கும் தண்ணீரைப் பற்றி நீண்ட நாள் சண்டை உண்டு. மழைக்காலத்தில் கதை வேறு. முகத்துவாரத்தில் கடல் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். தண்ணீர் பின்வாங்கி, 128இன் கடைசிப் பகுதி முழுகிவிடும். சாலையை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போனால் கடல் வரை போகலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஜிம் ஜோன்ஸ் இங்கே வாத்தியாராக இருந்தாராமே?

ஆமாம், 'பீப்பிள்ஸ் டெம்பிள்' என்ற மதக்குழுவின் தலைவர் ஜிம் ஜோன்ஸ்தான். 1960களில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். 1978இல் கயானாவில் அவருடைய குழுவினர் உட்பட 900க்கும் மேற்பட்டோர் செத்தது பின்னால். ஊர்க்காரர்களிடம் இதை நீங்களாகக் கிளறாதீர்கள்.

எப்போது போவது நல்லது?

செப்டம்பர், கவுன்டிப் பொருட்காட்சியும் ஆப்பிள் கண்காட்சியும் நடக்கும்போது. நகரமாகாத ஊரில் கவுன்டியின் பெயரில் பொருட்காட்சி! ராட்டினத்தை விடுங்கள், நேராக ஆட்டு நாய்ப் போட்டிக்குப் போங்கள். மைதானத்தில் மூன்று நாலு ஆடுகளை விடுவார்கள். நாய் அவற்றை நோக்கி ஓடாது, பெரிய அரைவட்டம் அடித்துப் பின்னால் போய், வயிறு புல்லில் படப் படுத்துக்கொண்டு முறைக்கும். ஓர் ஆடு முன்னங்காலைத் தரையில் தட்டி முறைக்கும். கிழவர் ஒருவர் ஒரு விசில் கொடுப்பார். நாய் இரண்டடி நகரும், ஆடுகள் நாலடி நகரும். வேலியோரம் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் பேச மாட்டார்கள். பட்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கைதட்டல்.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

கிளவர்டேலிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில்கூட ஒரு ஸ்வெட்டர். பின்சீட்டுக்கு இஞ்சி மிட்டாயும் ஒரு பிளாஸ்டிக் பையும்.